குன்னூர் பங்களா ஹாலுக்கு டவர் ஸ்பீக்கரா, ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரா?

தேயிலைத்தோட்டம் கேட்டது:
வணக்கம். குன்னூரில் பழைய பங்களா. ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரம். பலகைத் தரை, அடியில் வெற்றிடம். ஒரு நீளச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கர் வரப்போவது குறுக்கே உள்ள கருங்கல் சுவர்ப் பக்கம். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 8 ஓமில் சேனலுக்கு 50 வாட். கேட்பது 9 அடி தள்ளி, பெரும்பாலும் கர்நாடக சங்கீதம். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்களான கெஃப் எல்எஸ்50 மெட்டா, ஹார்பெத் பி3இஎஸ்ஆர், பிறகு இரண்டு 8 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கோன்) உள்ள, தரையில் நிற்கும் ஒரு 4 ஓம் டவர் (88 டெசிபல் என்று போட்டிருக்கிறது). எதை எடுக்கலாம்? மழைக்கால ஈரம் தாங்குமா?

ஊட்டி_ஒலி:
இந்த ஹாலுக்கு டவர் வேண்டாம் சார். 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 46, 9 அடிக்கு 62 என்று அறையே மூன்று அதிர்வெண்ணில் ஓங்கி அதிரும். 8 அங்குல ஊஃபர் இரண்டும் அந்த மூன்றையும் கிளப்பிவிடும்; மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடது முகம்) நாதம் நின்ற பிறகும் அறை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு கட்டை (மேற்கத்திய C) சுருதியில் ஆண்குரல் பாட்டுக்குத் தம்புராவின் மந்தர ஸட்ஜமே (கீழ் ஸ்தாயி ஸ) 65 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே நீங்கள் கேட்கும் சங்கீதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கெஃப் 79 ஹெர்ட்ஸ் வரையும் ஹார்பெத் 75 வரையும் சமமாகப் போகும். அதன் பிறகு மெதுவாகத் தணியும். மீதியை இந்தச் சுவர்களே தூக்கிக் கொடுக்கும்.

வைக்கும் இடம் இன்னும் முக்கியம். கல் சுவரிலிருந்து 2 அடியில் வைத்தால், திரும்பி வரும் ஒலி 140 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை அழிக்கும். ஒரு கட்டையில் பாடுபவரின் மத்திய ஸட்ஜம் 131. குரல் சோகை பிடித்துப் போகும். மூன்றரை அடி முன்னால் இழுங்கள், ஒலி குறையும் அந்தப் பள்ளம் 80 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பக்கச் சுவருக்கும் அதே மூன்றரை அடி வரக்கூடாது. இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

கோத்தகிரி_வயர்:
மலையில் இருப்பவர்கள் கணக்கில் விடுவது ஒன்று உண்டு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. ஸ்பீக்கரில் அசையும் கூம்பான கோன் அதே அளவு அசைந்தாலும் ஒலி கிட்டத்தட்ட 2 டெசிபல் குறையும். கெஃப் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். 50 வாட்டுக்கு 17 கூட்டினால் 102. மலைக்கு 2, தூரத்துக்குச் சுமார் 6 கழியுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு 3 கூட்டினால் 97. தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியம் தனியே ஓங்கி வாசிக்கும் பகுதி) இது போதும். ஹார்பெத் 83.5தான், அதில் இன்னும் ஒன்றரை போகும். என் வாக்கு கெஃபுக்கே.

டவரின் 88ஐ நம்ப வேண்டாம். அது 2.83 வோல்ட்டில் அளந்தது. 4 ஓமில் அது 2 வாட். ஒரு வாட்டுக்குப் பார்த்தால் 85தான், ஆம்புக்குச் சுமையும் கூடுதல். மெல்லிய காற்று சூட்டையும் சரியாக இழுக்காது. ஆம்புக்கு மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

கொடை_மரவேலை:
ஈரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கோனைச் சுற்றியுள்ள வளையம். ஃபோம் என்றால் தொடாதீர்கள், ஈரத்தில் பொடிந்து உதிரும். ரப்பர் நிற்கும். கெஃபின் கோன் உலோகம், ஹார்பெத்துடையது பிளாஸ்டிக் வகை. இரண்டும் ஈரம் குடிக்காது. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி ஊதுவது வெட்டு முனையில்தான். வயர் மாட்டும் டெர்மினல் ஓட்டையைச் சுற்றி முனை பூச்சில்லாமல் தெரிந்தால் வார்னிஷ் பூசிவிடுங்கள். ஈரமானி (ஹைக்ரோமீட்டர்) 65 சதவீதத்தைத் தாண்டினால் ஈரம் இழுக்கும் டீஹியூமிடிஃபையரைப் போடுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது: வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) உரியும், கரி ட்வீட்டரில் (உச்ச ஒலிக்கான சிறு பகுதி) படியும்.

பலகைத் தரையில் ஸ்டாண்டுக்கு ஸ்பைக் (கூர்முனை உலோகக் கால்) போட்டால் தரை முழுக்கச் சேர்ந்து பாடும். 30 மில்லிமீட்டர் கிரானைட் பலகை ஒன்று, அதன் அடியில் மெத்தென்ற ரப்பர் நான்கு, மேலே ஸ்டாண்ட். ஜன்னலுக்கு லைனிங் வைத்த கனத்த திரை, முன்னால் தடித்த கம்பளம். இவை இல்லாமல் கெஃபின் மேல்ஸ்தாயி அந்தக் கண்ணாடியில் பட்டுக் கூசும்.

தேயிலைத்தோட்டம்:
நன்றி. பின்னாளில் சப்ஊஃபர் (அடிநாதத்துக்கான தனி ஸ்பீக்கர்) சேர்க்கலாமா?

ஊட்டி_ஒலி:
சேர்க்கலாம். போர்ட் (காற்றுத் துளை) இல்லாத மூடிய பெட்டியாக எடுத்து, 80 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழுள்ளதைச் சப்ஊஃபருக்கு விடுங்கள். ஆம்பில் ஹைபாஸ் (தாழ்ந்த ஒலியை வடிகட்டும்) வசதி இருந்தால் கெஃபின் சுமையும் இறங்கும். முதல் மழைக்காலம் முழுக்க அது இல்லாமலே கேளுங்கள். பாஸ் இன்னும் கூடுதலாகத் தோன்றினால் கெஃபோடு வரும் ஃபோம் அடைப்பானை அதன் பின்பக்கப் போர்ட்டில் சொருகிப் பாருங்கள்.