புதுப்பிப்பு: மாமாவின் இருமலுக்குக் காரணம் வௌவால் எச்சத்தில் வளர்ந்த பூஞ்சை

கோத்தகிரி அருகே பழைய தேயிலைக் கிடங்கின் பரணைத் துப்புரவு செய்த பிறகு என் மாமாவுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடிப்பதாகவும், காசநோயாக இருக்கலாம் என்று சளிப் பரிசோதனை நடப்பதாகவும் முன்பு எழுதியிருந்தேன். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. நுரையீரல் திசுவைச் சோதித்ததில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்று உறுதியாகியுள்ளது.

1905-இல் பனாமாவில் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் முதன்முதலில் கண்ட இந்நோய், பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சையால் வருகிறது. அந்த மண்ணைக் கிளறும்போது கண்ணுக்குத் தெரியாத வித்துகள் தூசியோடு எழுந்து மூச்சுவழியே நுரையீரலை அடைகின்றன. வெளியே இழைகளாக வளரும் பூஞ்சை, உடலின் 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஈஸ்ட் வடிவத்துக்கு மாறி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே பெருகுகிறது. காசநோயைப் போலவே ஊடுகதிர்ப் படத்தில் தோன்றுவதால் இதை எளிதில் பிரித்தறிய முடிவதில்லை.

பலர் அஞ்சியதுபோல் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மூச்சுக்காற்றால் பரவாது. அவரைத் தனித்தட்டு, தனியறை என்று ஒதுக்கிய உறவினர்களிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். நல்ல உடல்நலம் உள்ள பெரும்பாலோருக்கு மருந்தில்லாமலே தணிந்துவிடும். மாமாவுக்கு அறிகுறிகள் ஒரு மாதத்தைக் கடந்தும் குறையாததால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பரண்களைத் துப்புரவு செய்வோர் உலர்ந்த எச்சத்தைப் பெருக்காமல், முதலில் நீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் அணிந்து அள்ளுங்கள், துணிக்கவசம் போதாது. பூச்சிகளைத் தின்னும் வௌவால்களைத் தயவுசெய்து கொல்லாதீர்கள். இருமல் நீடித்தால், எங்கே என்ன வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.