காற்றாலைக்கு அப்பால் செர்வாண்டிஸ்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தெற்குவாசல்:

ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் என்றதும் எல்லோரும், அவருடைய நாயகன் காற்றாலையை அரக்கன் என்று நினைத்து மோதும் காற்றாலைக் காட்சியிலேயே நின்றுவிடுகிறோம். 'டான் குயிக்சாட்' முதல் பாகத்தின் எட்டாவது அத்தியாயத்தில் ஓரிரு பக்கங்களில் முடிந்துபோகும் சமாசாரம் அது. நாவலுக்கு வெளியேயும் மனிதர் நிறைய எழுதியிருக்கிறார். அவற்றில் எதை, எங்கே சந்தித்தீர்கள் என்று சொல்லுங்கள். கதைச் சுருக்கம் மட்டும் போதாது.

எனக்கு வாய்த்தவை நாய்கள். 1613இல் வெளிவந்த 'முன்மாதிரிக் கதைகள்' தொகுப்பின் கடைசிக் கதையில், ஸ்பெயினின் வய்யதோலித் நகரத்து மருத்துவமனை ஒன்றின் காவல் நாய்கள் இரண்டு இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும். பெர்கான்சா தன் வாழ்க்கையைச் சொல்லும். சிப்பியோன் "விஷயத்துக்கு வா" என்று அடிக்கடி அதட்டும். ஆட்டுமந்தையில் வேலை பார்த்த பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஓநாய்!" என்று கூவினால் நாய்கள் காடுமேடெல்லாம் ஓடும். ஓநாயின் சுவடுகூட இருக்காது. திரும்பி வந்தால் ஓர் ஆடு குதறப்பட்டுக் கிடக்கும், திட்டும் தண்டனையும் நாய்களுக்கு. ஒருநாள் பெர்கான்சா ஓடாமல் புதருக்குள் பதுங்கிப் பார்க்கிறது. மேய்ப்பர்களே ஒரு கடாவைப் பிடித்து, ஓநாய் கடித்ததுபோலக் கிழித்துக் கொல்கிறார்கள். நாய் யாரிடம் போய்ப் புகார் சொல்லும்? வேலையை விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறது. நான் கணக்குத் தணிக்கை பார்ப்பவன். அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் யாரிடமும் காட்டவில்லை.

மலைக்காற்று:

வேலை நிமித்தமாக மெக்சிகோவில் இருந்தபோது குவானாஹுவாத்தோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே சான் ரோக்கே தேவாலயத்தின் முன்னுள்ள சிறு சதுக்கத்தில் செர்வாண்டிஸின் இடைநாடகங்களை, அதாவது பெரிய நாடகத்தின் அங்கங்களுக்கு நடுவே போடும் குட்டி நகைச்சுவை நாடகங்களை, நடிக்கிறார்கள். 1953இல் என்ரிக்கே ருவேலாஸ் என்பவர் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துத் தொடங்கிய வழக்கம் அது. 1972 முதல் அந்த நகரில் நடக்கும் பெரிய கலைவிழா செர்வாண்டிஸ் பெயரைத் தாங்கி நிற்பதற்கும் இதுதான் மூலம். அவர் பிறந்த ஊருக்கும் இந்த மலை நகரத்துக்கும் நடுவே ஒரு பெருங்கடலே கிடக்கிறது. அவரும் அமெரிக்கக் கண்டத்தில் உத்தியோகம் கேட்டு 1590இல் மனுப்போட்டார். "இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும்" என்கிற தோரணையில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

நான் பார்த்தது 'அற்புதங்களின் காட்சி மேடை'. ஊருக்குள் வரும் இரண்டு எத்தர்கள் மாயக் காட்சி காட்டுவதாகச் சொல்கிறார்கள். நிபந்தனை ஒன்றுண்டு: முறைதவறிப் பிறந்தவர்களுக்கும், ரத்தத்தில் யூதக் கலப்பு உள்ளவர்களுக்கும் காட்சி தெரியாது. பிறகென்ன, ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிகிறது! சிம்சோன் தூணை அசைக்கிறான், காளை சீறி வருகிறது, எலிகள் கூட்டமாக ஓடுகின்றன. மேடையில் ஒன்றுமே இல்லை. ஆளுநர் மட்டும் நம் பக்கம் திரும்பி, தனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மானத்துக்காகத் தெரிவதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முணுமுணுக்கிறார்.

எலிகள் வந்த கட்டத்தில் நடிகைகள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி இரண்டு கால்களையும் சட்டென்று தூக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷை வைத்து வசனத்தில் பாதியைத்தான் பின்தொடர முடிந்தது. ஆனால் ரத்தச் சுத்தம் என்னும் பயத்தை இவ்வளவு கேலி செய்த ஒருவர், மதத்துக்கு மாறாக நடப்பவர்களைத் தண்டித்த மதவிசாரணை மன்றம் கோலோச்சிய காலத்தில் எப்படித் தப்பித்தார் என்ற வியப்பு இன்றும் தீரவில்லை.

கரையேறாதவன்:

நான் கப்பல்காரன். அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் சரக்கு இறங்கத் தாமதமான ஒரு நாளில் செர்வாண்டிஸ் குகையைப் பார்க்கப் போனேன். ஹம்மா பகுதியில், மலைச்சரிவில் இருக்கிறது. பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாறையில் ஒரு குடைவு, அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. செர்வாண்டிஸ் அல்ஜியர்ஸில் கைதியாக இருந்த காலம் அது. 1577இல் அவரோடு சேர்ந்த சிறைக்கைதிகள் மாதக்கணக்கில் ஒரு குகையில் ஒளிந்துகொண்டு, ஸ்பெயினிலிருந்து படகு வரும் என்று காத்துக்கிடந்தார்கள். கூட இருந்த ஒருவனே காட்டிக்கொடுத்தான்.

1575இல் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்தபோது சட்டைப்பையில் பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. உதவும் என்று கொண்டுவந்த கடிதங்களே ஆளைக் கெடுத்தன: பெரும் புள்ளி என்று நினைத்து மீட்புப்பணத்தை ஏற்றிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள், தோற்றுப்போன நான்கு தப்பியோட்ட முயற்சிகள், கடைசியில் மீட்புப்பணம் 500 எஸ்குதோ, அந்தக் காலத்து ஸ்பானியத் தங்கக் காசு. பாதிரியார் ஹுவான் கில் பணம் கட்டியது 1580 செப்டம்பரில். துருக்கியத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்பவிருந்த கப்பலில் அவரை ஏற்றிய பிறகு!

இதெல்லாம் தெரிந்தபின் 'அல்ஜியர்ஸ் சிறைகள்' நாடகத்தைப் படித்தேன். மூடிய சன்னலிலிருந்து ஒரு நாணல் குச்சி இறங்கும். நுனியில் முடிச்சுப் போட்ட துணி, உள்ளே தங்கக் காசு. கைதிகளில் யார் போனாலும் குச்சி மேலே போய்விடும், உரியவன் வந்தால்தான் இறங்கும். 'டான் குயிக்சாட்'டில் கைதி சொல்லும் கதையிலும் இதே குச்சி வருகிறது. என்னைக் கேட்டால் நாவலில்தான் நன்றாக இருக்கிறது.

பாதிப்பக்கம்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் குறை சொல்கிறேன். அவருடைய 'நுமான்சியா' நாடகத்தைக் கையில் எடுத்துத் திண்டாடினேன். ரோமானியர் முற்றுகையில் ஓர் ஊரே தன்னை மாய்த்துக்கொள்ளும் கதை. அதற்குள் ஸ்பெயின் வந்து பேசுகிறாள், துவேரோ ஆறு வந்து பேசுகிறது, பசியும் நோயும் போரும் வேஷம் கட்டிக்கொண்டு வந்து பேசுகின்றன. புத்தக வியாபாரி ஒருவர் "உங்கள் உரைநடையில் எவ்வளவோ எதிர்பார்க்கலாம், செய்யுளில் ஒன்றுமில்லை" என்று ஒரு நாடகக்காரர் சொன்னதாகச் செர்வாண்டிஸிடமே சொல்லியிருக்கிறார். அதை ஒளிக்காமல் 1615இல் வந்த தன் நாடகத் தொகுப்பின் முன்னுரையிலேயே போட்டிருக்கிறார். யாரும் மேடையேற்றாத எட்டு நாடகங்களும் எட்டு இடைநாடகங்களும் கொண்ட தொகுப்பு அது. அந்த முன்னுரை எனக்கு அதிலுள்ள பல நாடகங்களைவிடப் பிடித்திருக்கிறது.

மலைக்காற்று:

'நுமான்சியா'வைத் தனியாக உட்கார்ந்து படித்தால் அப்படித்தான் இருக்கும். 1937இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படை மாட்ரிட்டை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவிஞர் ரஃபாயேல் ஆல்பெர்த்தி அதைத் திருத்தி அந்த நகரத்திலேயே மேடையேற்றினார். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பசி வேஷம் கட்டி வந்தது அபத்தமாகப் பட்டிருக்காது.

பாதிப்பக்கம்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துவேரோ ஆற்றின் பேச்சு நீளம்தான்.

தெற்குவாசல்:

மாட்ரிட் போகிறவர்களுக்கு ஒரு குறும்பான தகவல். அவரை அடக்கம் செய்த திரினித்தாரியாஸ் கன்னிமடம் லோபே தெ வேகா தெருவில் இருக்கிறது. நாடக மேடையில் இவரை ஓரங்கட்டிவிட்டு முடிசூடிய அதே நாடகாசிரியர் லோபேயின் பெயர்தான்! லோபேயின் வீடு இருப்பதோ செர்வாண்டிஸ் தெருவில். நகராட்சிக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

அவருடைய கடைசி நாவலான 'பெர்சிலெஸ்' படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். 1616 ஏப்ரல் 19 அன்று, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் இறுதித் தைலம் பூசிய மறுநாள், படுக்கையில் கிடந்தபடி அதற்குச் சமர்ப்பணம் எழுதினார். 22ஆம் தேதி இறந்துபோனார். தன் பெயரை நிலைநாட்டப் போவது அந்த நூல்தான் என்று பெரிதாக நம்பியிருந்தார். அதை முழுதாக முடித்த ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.