சைக்கிள், நடப்பவர் கணக்கெடுப்பு: நீங்கள் சாலையில் எண்ணியதில் மறக்க முடியாத ஒரு ஆள்?

கைக்கவுன்டர்
எண்ணப் போனவர்களுக்கு இது புரியும். மாலை நெரிசல் நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், வழக்கமான தாள்தான். ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, தாண்டுபவரை எண்ணுவதற்காகப் போட்ட கோட்டைத் தாண்டினார். தள்ளிக்கொண்டு வந்தால் நடப்பவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அப்படியே போட்டேன். நாலடி தள்ளிப் போனதும் பெடலில் கால் வைத்து ஏறிவிட்டார். ஏறும்போது திரும்பி, "என்னையும் சேர்த்தாச்சா?" என்றார். தலையாட்டினேன். அந்த இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லியாகக் கிடந்தது, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் இறங்கித்தான் தள்ளினார்கள். தாளைப் பார்க்கிறவருக்கு அங்கே சைக்கிளே ஓடவில்லை.

ஓரத்துக்குடை
விதியில் தப்பில்லை, கோடு போட்ட இடம்தான் தப்பு. கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் அத்தனை பேரும் சைக்கிள் கணக்கில் வந்திருப்பார்கள். எங்கள் கதை வேறு. அகச்சிவப்பு சென்சார் (குறுக்கே ஆள் போனால் தானாக எண்ணும் கருவி) வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று சரிபார்த்தோம். நான்கு சிறுமிகள் தோளில் கைபோட்டு பக்கம் பக்கமாகத் தாண்டினார்கள். கருவியில் ஏறியது ஒன்று.

லூப்
மேலே உள்ளவருக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒருவர் இன்னொருவரை மறைப்பது அந்தக் கருவியின் இயல்பு. அதனால்தான் சில மணி நேரம் கையாலும் எண்ணி, கை எண்ணிக்கையைக் கருவி எண்ணிக்கையால் வகுத்துத் திருத்தக் காரணி, அதாவது கருவி காட்டுவதைப் பெருக்கிச் சரிசெய்யும் எண், எடுக்க வேண்டும். ஓரிடத்தில் எடுத்த காரணியை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது. பாதை அகலமானால் ஜோடியாக நடப்பவர்கள் கூடுவார்கள், தவறுவதும் கூடும். கடை வாசல், பேருந்து நிறுத்தம் பக்கம் வைக்கவே வேண்டாம், நிற்கிறவர் முன்னும் பின்னும் அசைந்தால் அவரையே திரும்பத் திரும்ப எண்ணும். தரையில் பதிக்கும் லூப் (கம்பிச் சுருள்) உலோகத்தைத்தான் உணரும், நடப்பவர் அதில் விழவே மாட்டார். சக்கரம் ஏறினால் எண்ணும், சாலைக்குக் குறுக்கே போடும் ரப்பர் குழாய் என்றால் இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்தால் லேசான சைக்கிள் பதியாது. ஒரு நாள் எண்ணிக்கையை 365-ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்கு என்று தருபவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் அனுபவமா? மழையில் குடைக்குள் மூன்று பேர். அவ்வளவுதான்.

கைக்கவுன்டர்
@ஓரத்துக்குடை கோட்டை நகர்த்தினால் எண்ணிக்கை சரியாகும், சரி. அந்த ஜல்லி யார் கண்ணில் படும்? ஓரத்தில் "இறங்கித் தள்ளுகிறார்கள்" என்று எழுதித்தான் கொடுத்தேன். தட்டச்சான அட்டவணையில் குறிப்புக்கான பத்தியே இல்லை.

புதுசு
நாளைக்கு முதல் தடவை போகிறேன். கேரியரில் உட்கார்ந்து வரும் குழந்தை சைக்கிள் கணக்கா, ஆள் கணக்கா?

ஓரத்துக்குடை
சைக்கிளை எண்ணுகிறீர்களா, ஆட்களையா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்ற பிறகு கேட்க நேரம் இருக்காது.