தேசிய நவீனக் கலைக்கூடம்: பெங்களூர் போதுமா, தில்லிக்கே செல்ல வேண்டுமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்களைப் பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவில் மட்டுமே பார்த்திருப்பதால், ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தேசிய நவீனக் கலைக்கூடம் தில்லி, மும்பை, பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களில் இருப்பதாக அறிகிறேன். மதுரையிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம் என்பதால் எங்களுக்குப் பெங்களூர்தான் வசதி. அங்கும் அதே ஓவியங்கள் இருக்குமா? சென்னை எழும்பூரில் உள்ள தேசியக் கலைக்கூடமும் இதன் கிளைதானா? உடன் வந்து விளக்குபவர் கிடைப்பாரா என்பதையும் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தூரிகை:
வணக்கம் அம்மா. எழும்பூர்க் கூடம் பெயரால் மட்டுமே குழப்புகிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்தச் சிவப்புக் கட்டடம் தமிழ்நாடு அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது, தில்லிக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது.

ஷெர்கில்தான் நோக்கம் என்றால் தில்லிக்கே செல்லுங்கள். இந்தியா கேட் அருகே, ஜெய்ப்பூர் மன்னருக்காகக் கட்டப்பட்ட ஜெய்ப்பூர் மாளிகையில் 1954இல் தொடங்கிய தலைமைக் கூடம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட அவருடைய படைப்புகள் அதன் சேகரிப்பில் உள்ளன. தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் 1937இல் அவர் வரைந்த ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தின் முன் உங்கள் மகளைச் சற்று நேரம் நிற்கச் சொல்லுங்கள். ஐந்து இளைஞர்களின் வேட்டிகளும் வெள்ளைதான். ஆனால் ஒருவர் வேட்டியின் வெள்ளை மற்றவருடையதைப் போல இராது. அச்சில் பார்க்கும்போது இந்த வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடுகிறது. நந்தலால் போஸ் 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக வரைந்த சுவரொட்டிகளில் பெரும்பகுதியும் அங்கேயே உள்ளது. எனினும் சேகரிப்பில் இருப்பதெல்லாம் எந்நாளும் சுவரில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பயணச்சீட்டு எடுக்கும் முன் அவர்களுக்கு எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிமுற்றத்தில் மெரினாவின் உழைப்பாளர் சிலையையே மீண்டும் பார்ப்பீர்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல்லாண்டு இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு என்பதால் அதில் வியப்பில்லை. ஆனாலும் பாறையை நெம்பும் அந்த நால்வரையும் கடற்காற்று இல்லாமல் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருந்தது.

அல்சூர்வாசி:
மேலுள்ள பதிலில் பெங்களூரைச் சற்று எளிதாகத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அரண்மனைச் சாலையில் உள்ள மாணிக்கவேலு மாளிகையில் 2009இல் திறக்கப்பட்ட இந்தக் கூடத்தில், பழைய வீட்டின் அறைகளில் நடந்து, பெரிய மரங்களின் நிழலைக் கடந்து புதிய பகுதிக்குச் செல்வதே ஓர் இதமான அனுபவம். கூட்டமும் குறைவு என்பதால் உங்கள் மகள் கோட்டோவிய நோட்டுடன் நெடுநேரம் உட்காரலாம். இங்கு நடக்கும் கண்காட்சியைப் பொறுத்தே பார்க்கக் கிடைப்பது மாறும் என்பது உண்மைதான்.

விளக்க உலாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்காட்சிகளையொட்டி அவ்வப்போது நடத்துகிறார்கள். நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு வாருங்கள். நான் சென்ற உலாவில் விளக்கியவர் ஒரு மணி நேரத்தில் ஆறு ஓவியங்களுக்கு மேல் காட்டவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தாலும், ஒவ்வொன்றிலும் கண் எங்கே முதலில் போகிறது என்று எங்களையே சொல்ல வைத்த பிறகு, மீதியைத் தனியாகப் பார்த்தபோதுதான் அதன் பயன் புரிந்தது. ஆகவே உலாவை முதலில் வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்ப்பதை அதன் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு ரயில் ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய என் மைத்துனர் சார்பில் இதைச் சொல்லிவைக்கிறேன்.

நடைவண்டி:
மும்பையை ஒருவரும் சொல்லவில்லையே. கோட்டைப் பகுதியில், பழைய பொது அரங்கம் ஒன்றை மாற்றியமைத்து 1996இல் திறந்த கூடம் அது. அரைவட்டத் தளங்களில் படியேறிப் படியேறிக் குவிமாடத்தின் அடி வரை சென்று பார்க்க வேண்டும். ஒரே கலைஞரின் வாழ்நாள் படைப்புகளைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்திக் காட்டும் கண்காட்சிகளுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடத்தை நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் வந்தால் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. உலாவைக் கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை பெங்களூர் செல்கிறோம். தில்லிக்குப் பருவத்தேர்வு முடிந்த பின்பு. ‘பிரம்மச்சாரிகள்’ அப்போது சுவரில் இருக்குமா என்று கேட்டு மகளே இன்று கடிதம் எழுதிவிட்டாள்.