மழை நின்று எத்தனை மணி நேரம் கழித்து செஸ்ட்நட்டில் ஓட்டலாம்?

புதுச்சக்கரம்:
வணக்கம். மவுண்டன் பைக் ஓட்டத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது, பெரும்பாலும் சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில்தான். போன சனிக்கிழமை விடிகாலை நல்ல மழை. பத்து மணிக்குப் பார்த்தால் எங்கள் புளோக் கார்நிறுத்துமிடம் காய்ந்து கிடந்தது, நம்பிக் கிளம்பினேன். முதல் ஏற்றத்தில் மண் மொறமொறவென்று இருந்தது, டயர் நன்றாகப் பிடித்தது. அங்கிருந்து இறங்கி மரங்களுக்குள் ஒரு பள்ளம் வந்ததும் இரண்டு டயரிலும் களி அப்பி, சக்கரமே சுற்றவில்லை. தள்ளிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஒரே காடு, ஒரே மழை, ஐந்து நிமிட தூரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஏதாவது கணக்கு உண்டா?

ஞாயிறு ரைடர்:
நான் 24 மணி நேரம் விடுவேன். இதுவரை பெரிய தொந்தரவு வந்ததில்லை.

காலைச்சவாரி:
தம்பி, மணிக்கணக்கை நம்பாதீர்கள். பதினோரு வருடமாக இந்த மண்ணில் ஓட்டுகிறேன். ஜூலையில் நாலு மணி நேரத்தில் காய்ந்த இடம், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் வாரத்தில் மூன்று நாளானாலும் காயாது.

உங்கள் கேள்விக்குப் பதில் மண்ணில் இருக்கிறது. தீவின் நடுப்பகுதியில் அடியில் கிடப்பது புக்கிட் தீமா கிரானைட். இந்த வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களியாக மாறுகிறது, குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் பரல் மணலாக நிற்கிறது. சரிவில் ஓடும் மழைத்தண்ணீர் நுண்ணிய களியை அரித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேர்த்துவிடும். சரிவில் பரல் மிஞ்சும். நீங்கள் ஏறிய மொறமொற மண்ணும் சக்கரத்தைப் பிடித்த களியும் ஒரே கல்லிலிருந்து வந்தவைதான். மணலுக்குள் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். மிச்சத் தண்ணீர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் நிழல். கார்நிறுத்துமிடத்துக்கு வெயிலும் காற்றும் கிடைக்கின்றன. மரங்களுக்கு அடியில் காற்று அசையாது, மழை விட்ட பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். வேர்கள் தண்ணீரை உறிஞ்சும், உண்மைதான், ஆனால் அது மெதுவாக நடக்கிற வேலை. விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் மழையென்றால் முற்பகல் வரை வானம் மூடியே இருப்பதும் உண்டு.

தெற்குச் சரிவு சீக்கிரம் காயும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை சொச்சம் வடக்கே. சூரியன் ஏறக்குறைய பாதி வருடம் நமக்கு வடக்கே, பாதி வருடம் தெற்கே. இங்கே பார்க்க வேண்டியது கிழக்கையும் மேற்கையும். பிற்பகலில் மேகம் கட்டிவிடுகிற நாள்களில் காலை வெயில் வாங்கிய கிழக்குச் சரிவு முந்திக்கொள்ளும்.

எனக்கு மனம் கேட்காத விஷயம் ஒன்று. ஈரக் களியில் நீங்கள் பதிக்கும் டயர்த் தடம் ஒரு சின்ன வாய்க்கால். நல்ல பாதையைப் பள்ளப்பக்கமாக லேசாகச் சாய்த்து வெட்டியிருப்பார்கள், தண்ணீர் குறுக்கே வழிந்து போய்விடும். வாய்க்கால் விழுந்தபின் தண்ணீர் அதிலேயே நீளமாக ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அடுத்த மழைக்கு அந்த இடம் காய இன்னும் நாளாகும். சேற்றைத் தவிர்க்கிறேன் என்று ஓரமாகப் போனால் ஒன்றரை அடிப் பாதை ஆறடியாகி, ஓரத்து நாற்றுகள் எல்லாம் செத்துப்போகும்.

அதனால் பாதையிலேயே மோசமான பள்ளம் எதுவோ, அங்கே முதலில் நடந்து போங்கள். ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். நூலாகத் திரிந்தால் திரும்பிவிடுங்கள். திரியாமல் உதிர்ந்தால் ஓட்டுங்கள்.

ஞாயிறு ரைடர்:
நூல் சோதனை எனக்கும் புதிது, நன்றி. மழைக்கு மறுநாள் நாங்கள் சாங்கி படகுத்துறையிலிருந்து உபின் தீவுக்குப் போய்விடுவோம். அங்குள்ள கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா சீக்கிரம் காய்கிறது. ஆனால் உபினும் கிரானைட் தீவுதானே?

காலைச்சவாரி:
கிரானைட்தான். ஆனால் கெத்தாம் தடம் பழைய கல்குவாரியைச் சுற்றிப் போகிறது. பல இடங்களில் திறந்த வெளி, வெயில் நேராக விழும், கடல்காற்றும் உண்டு. அங்கேயும் மரத்தடித் திருப்பங்களில் களி ஒட்டத்தான் செய்யும், பார்த்து ஓட்டுங்கள்.

புதுச்சக்கரம்:
அண்ணே, இன்று காலை பைக்கை வெளியே பூட்டிவிட்டு அந்தப் பள்ளம் வரை நடந்தேன். கடைசி மழை வெள்ளிக்கிழமை பெய்தது, இன்று ஞாயிறு. மேலே இருந்த மண் கையில் உதிர்ந்தது. பள்ளத்து மண் தீக்குச்சி நீளத்துக்கு நூலாகத் திரிந்தது, போன வாரம் நான் போட்ட டயர்த் தடத்துக்குள் தண்ணீரும் நின்றது. ஓட்டாமல் வந்துவிட்டேன். மழை இல்லையென்றால் புதன்கிழமை மறுபடி போய் உருட்டிப் பார்க்கிறேன்.