டேங்க் கிளீனர் மீனை நாம் ஏன் உண்ண மறுக்கிறோம்?

ஏரிக்கரை வாசி (கேள்வி):
எங்கள் ஊர் ஏரியின் மீன்பாசிக் குத்தகையை என் சித்தப்பா எடுத்திருக்கிறார். சில ஆண்டுகளாக அவர் வலையில் கெண்டையையும் விராலையும் விட, கண்ணாடித் தொட்டிகளின் பாசியைத் தின்பதற்காக விற்கப்படும் டேங்க் கிளீனர் மீன்களே மிகுதியாக விழுகின்றன. அவற்றின் முரட்டு முட்களால் வலை கிழிகிறது. பிடிபட்டதைக் கரையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். அமேசான் ஆற்றங்கரை மக்கள் இவ்வகை மீனை எலும்பு ஓட்டோடு தீயில் சுட்டு உண்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அதையெல்லாம் மனுஷன் தின்பானா?" என்று கேட்டார். அன்று வீட்டில் கொதித்துக்கொண்டிருந்தது ஜிலேபி மீன் குழம்பு. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த மீன்தானே? ஒன்றை ஏற்றுக்கொண்ட நாக்கு மற்றொன்றை ஏன் தள்ளுகிறது?

மீன்வள மாணவி:
ஜிலேபி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி ஆறுகளைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே காலத்தில் இலங்கையின் குளங்களிலும் விடப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாய்க்குள் வைத்துக் காப்பதால், விட்ட இடமெல்லாம் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தை நெருக்கிவிட்டது. ஆயினும் அது நமக்குப் பழகிய செதில் மீனின் தோற்றத்தில் இருந்தது, விலையும் மலிவு. திலாப்பியா என்ற பெயர் நம் வாயில் ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயராகவே மாறிவிட்டதும் அதற்கு உதவியிருக்கும் என்று எண்ணுகிறேன். டேங்க் கிளீனர் என்பதோ அழுக்கை நினைவூட்டும் பெயர். மெக்சிகோவில் இம்மீனுக்குப் 'பிசாசு மீன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்குள்ள இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் இது பெருகியபோது மீனவர்கள் இழந்தது எதைத் தெரியுமா? திலாப்பியாவை! அவர்களுக்கும் அது ஒரு காலத்தில் அயல் மீனாக வந்ததுதான்.

நீர்நிலை ஆர்வலர்:
உண்ணத் தொடங்கினால் மீன் குறைந்துவிடும் என்று நம்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். விலை கிடைக்கும் மீனை மனிதர்கள் ஒழிப்பதில்லை, வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நம் நாட்டில் தடை இருந்தும், கள்ளத்தனமாக அதை வளர்ப்பது நிற்கவில்லை. மேலும், டேங்க் கிளீனர் அடிச்சேற்றையும் பாறைப் பாசியையும் சுரண்டித் தின்பது; ஆலைக் கழிவு கலக்கும் நீரில் வாழும் மீனின் உடலில் கன உலோகங்கள் சேரக்கூடும். பரிசோதிக்காமல் சமைக்க வேண்டாம்.

வயலோரத்தான்:
நான் இருளர் குடும்பத்தில் பிறந்தவன். "மனுஷன் தின்பானா" என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பலமுறை கேட்டு வளர்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, பானையின் துளையில் வாய் வைத்து ஊதி, எலி வளைக்குள் புகையைச் செலுத்துவார் என் தாத்தா. கண்ணெரிச்சலும் இருமலும் அவரை விட்டு அகன்றதே இல்லை. மூச்சடங்கிய எலியோடு, வளையின் ஆழத்தில் அது பதுக்கிவைத்த நெல்லையும் தோண்டி எடுப்போம். அந்த எலி தின்றதும் ஊரார் உண்டதும் ஒரே வயலின் நெல். பயிரைக் காக்க எங்களை அழைத்தவர்களே, அந்த எலியை உண்டதற்காக எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர், புற்றிலிருந்து எழும் ஈசலைச் சேர்த்துச் சமைத்த புளித்த உணவைப் பாரியின் நாட்டு வளமாகவே பாடுகிறார். அதில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை. பின்னாளில் எந்த உணவை யார் உண்கிறார்கள் என்று பார்த்துத்தான் அருவருப்பு வந்திருக்கிறது என்பது என் துணிபு. அயல் மீனை உண்ண மறுப்பது சித்தப்பாவின் உரிமை. அதில் எனக்குக் குறை இல்லை. உண்பவனை மனிதக் கணக்கிலிருந்து நீக்கும் அந்தச் சொல்தான் வலிக்கிறது.

ஏரிக்கரை வாசி:
அந்தச் சொல்லை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன், அண்ணா, மன்னியுங்கள். உங்கள் மறுமொழியை இன்றிரவு சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். எங்கள் ஏரியில் நகரத்துச் சாக்கடை கலப்பதால், இம்மீனைச் சமைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். பிடிபடுவதை மீண்டும் நீரில் விடாமல் குழிதோண்டிப் புதைக்கிறோம்.