இரண்டு கார் சாவியும் தொலைந்துவிட்டன, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, அவசரமாக ஓர் உதவி. போன மாதம் ஸ்பேர் சாவி காணாமல் போனது. அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நேற்று கையில் இருந்த ஒரே சாவியும் போய்விட்டது. அம்மாவை வாரம் இருமுறை சிகிச்சைக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான், மனசு பதறுகிறது.

2014 மாடல், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் வண்டி. நான் புரிந்துகொண்டது இதுதான்: சாவியின் தலைப்பகுதிக்குள் பேட்டரி தேவைப்படாத சின்ன சிப் ஒன்று இருக்கிறது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (பல கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ்) அதற்கு மின்சக்தி கொடுத்து, அது பதிவான சாவிதானா என்று சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பாதுகாப்பு) எஞ்சினை ஓட விடாது. கதவைத் திறக்கும் ரிமோட் தனி. ஆக, வெறும் சாவியை மட்டும் வெட்டி வாங்கினால் கதவு திறக்கும், வண்டி ஓடாது.

ஒரு சாவிகூட இல்லாத நிலையில், வெளியிலுள்ள சாவிக்காரர் ஓபிடி போர்ட் (காரின் கணினியோடு வெளிக் கருவியை இணைக்கும் சாக்கெட்) வழியாகவே புது சிப்பைப் பதிவு செய்துவிடுவாரா, இல்லை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைக் கழற்ற வேண்டி வருமா? யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தொலைந்த சாவிகளைக் காரின் நினைவிலிருந்து அழித்தாலும், அவற்றின் உலோகப் பகுதி கதவைத் திறக்குமே! பூட்டையும் மாற்றினீர்களா?

சாவி எண் பொறித்த தகடும் வண்டியின் பதிவுச் சான்றும் பத்திரமாக இருக்கின்றன. வேறு என்ன எடுத்து வைக்க வேண்டும்?